கழுத்துத் தழும்பும் அம்மாவின் கன்னப் புள்ளிகளும்

என் கழுத்தின் இடது பக்கம் ஒரு தழும்பு இருக்கிறது. புளியங்கொட்டை அளவு, கொஞ்சம் மேடாக இருக்கும், சில நாட்களில் லேசாக அரிக்கும். பார்ப்பவர்கள் தைராய்டு ஆபரேஷனா, எண்ணெய் தெறித்ததா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. எனக்கு 21 வயதில், பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீடே பரபரப்பாக இருந்த வாரத்தில், மிளகு அளவுகூட இல்லாத ஒரு மருவை எடுப்பதற்காக வீட்டில் செய்த வைத்தியத்தால் வந்தது அது.

செய்தவர் என் அத்தை. பாசத்தில்தான் செய்தார், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையும் துணிக்குப் போடும் சலவை சோடாவையும் சரிபாதி எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தீக்குச்சி முனையில் தொட்டு அந்த மருவின் மேல் வைத்தார். "கொஞ்சம் எரியும், பொறுத்துக்க கண்ணு, நாளைக்கே உதிர்ந்துடும்" என்றார். எரிந்தது. சித்திரை மாத வியர்வையில் அந்தக் குழம்பு மருவோடு நிற்காமல் சுற்றிலும் இறங்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மரு உதிர்ந்தது உண்மைதான், ஆனால் கூடவே சுற்றியிருந்த தோலும் போய்விட்டது. மூன்று வாரம் புண்ணாக இருந்தது, ஆறிய பிறகும் தட்டையாகாமல் மேடாக வளர்ந்தது. கெலாய்டு என்பார்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலில், அதுவும் கழுத்து, தோள், நெஞ்சுப் பகுதியில் புண் பட்டால் இப்படித் தழும்பு தடித்து வளர்வது அதிகம்.

பல வருடம் கழித்து என் மகள் வேதியியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நடந்தது என்னவென்று புரிந்தது. சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட், இரண்டும் தண்ணீரில் கலந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். முன்பெல்லாம் தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடா தயாரித்த வழிகளில் இதுவும் ஒன்று. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்க ஊற்றுகிறோமே, அதே பொருளைத்தான் அத்தை என் கழுத்தில் தீக்குச்சியால் வைத்திருக்கிறார். அது மருவைத் தேடிப் பிடித்து எடுப்பதில்லை, தொட்ட இடத்தையெல்லாம் கரைக்கிறது. இன்றைக்கும் யூடியூபில் இதே கலவையைச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கீழே எத்தனை பெண்கள் "முகத்தில் போடலாமா அக்கா" என்று கேட்டிருக்கிறார்கள் தெரியுமா?

இதை இப்போது எழுதக் காரணம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு கன்னத்திலும், கண்ணுக்குக் கீழே, நெற்றிப் பொட்டில் எல்லாம் கடுகு கடுகாகக் கறுப்புக் குருக்கள். எண்ணினால் நாற்பது தேறும். முப்பது வயதில் இரண்டு மூன்றாக ஆரம்பித்து மெல்ல மெல்லப் பெருகியவை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு உறவுக்காரப் பெண், அக்கறையாகத்தான், "இது கேன்சரா இருக்கப்போகுது, எதுக்கும் பார்த்துடுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போக, அம்மா அன்றிரவு தூங்கவில்லை. எனக்கும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாக நகத்தால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன்.

தோல் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "உங்க அம்மாவுக்கும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அம்மா யோசித்து, "ஆமா, எங்க அம்மாவுக்கு முகம் பூரா இருந்துச்சே" என்றார். அவ்வளவுதான். அதன் பெயர் டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், கறுப்பாகச் சின்னச் சின்னக் குருக்கள் வரும் தோல்நிலை என்பதுதான் அதன் பொருள். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு, குடும்பவாகாக, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வரும். புற்றுநோயாக மாறாது. 1925ல் இதை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அவர் பார்த்து எழுதியது மத்திய அமெரிக்காவில், ஆனால் அதற்கு முன்பு பல வருடம் கொழும்பில் வேலை பார்த்தவர் என்று பிறகு படித்தேன். அங்கேயும் எத்தனையோ அம்மாக்களின் கன்னத்தில் இதைப் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

வயதானவர்களுக்கு முதுகிலும் நெஞ்சிலும் மெழுகை உருக்கி ஒட்டவைத்தது போலப் பழுப்பாக, சொரசொரப்பாகச் சில வரும், சுரண்டினால் பெயர்ந்து வந்துவிடும் போல இருக்கும். அதுவும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான், செபோரிக் கெரடோசிஸ். அதுவும் ஒன்றும் செய்யாது.

டாக்டர் அம்மாவைப் பார்த்து முடித்துவிட்டு, நான் கேட்காமலே என் கழுத்தைப் பார்த்தார். தழும்பை இல்லை. பின்கழுத்து கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருப்பதையும், அங்கங்கே தொங்கும் சின்ன மருக்களையும். "சுகர் பார்த்து எவ்வளவு நாளாச்சு?" என்றார். இந்தத் தொங்கும் மருக்கள், அதாவது காம்பு மாதிரி மெல்லிய பிடிப்பில் தொங்கும் மெத்தென்ற சதைத் துணுக்குகள், தோலும் தோலும் உரசும் இடங்களில் வருபவை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வரும், உடம்பு போட்டால் வரும். தொற்றாது, வலிக்காது, செயினிலோ ரவிக்கை ஓரத்திலோ மாட்டிக்கொண்டால்தான் தொல்லை. ஆனால் பின்கழுத்துக் கருமையோடு சேர்ந்து வந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு தடயம். நம் ஊரில் அந்தக் கருமையைச் செயின் போட்டதால் வந்தது, அழுக்கு என்று சொல்லிப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறோம். வயதுக்கு வந்த பெண் குழந்தைகளைக் "கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கக் கூடாதா" என்று திட்டுகிறோம். அது அழுக்கு இல்லை. தேய்த்தால் இன்னும் கறுக்கும். எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c சோதனையில் 6.1 சதவீதம் வந்தது. 5.7க்கும் 6.4க்கும் இடையில் இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். இப்போது நடக்கிறேன், ராத்திரிச் சோற்றைக் குறைத்திருக்கிறேன். அத்தை அன்று பொசுக்கிய மருவும் இந்தத் தொங்கும் வகைதான்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பேச்சில் மரு, பாலுண்ணி, உண்ணி, குரு, கட்டி என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஒரு ஊரில் பாலுண்ணி என்றால் தொங்கும் சதை, இன்னொரு ஊரில் விரலில் வரும் சொரசொரப்பான மரு, என் மாமியார் வீட்டில் குழந்தைகளுக்கு வரும் முத்து போன்ற குரு. பேர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குச் சொன்ன மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுவிடுகிறோம். விரலிலும் பாதத்திலும் வரும் சொரசொரப்பான மரு ஒரு வைரஸால் வருவது, தொற்றக்கூடியது. தாடியில் அந்த மரு இருப்பவர் அதன் மேலேயே சவரம் செய்தால் பிளேடு போன கோட்டில் வரிசையாக முளைக்கும். என் தம்பிக்கு அப்படித்தான் ஒன்று பதினைந்தானது. அவன் நண்பன் கொடுத்த பிளேடைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான், டாக்டர்தான் உன் பிளேடே போதும் என்றார். அதற்கு சாலிசிலிக் அமிலக் களிம்பு, உறையவைத்து எடுப்பது என்று மருந்து உண்டு, பொறுமையும் வேண்டும், பன்னிரண்டு வாரம்கூடப் போட வேண்டியிருக்கும்.

என் மகனுக்கு ஐந்து வயதில் வந்தது மாமியார் சொன்ன பாலுண்ணி. வயிற்றிலும் அக்குளிலும் சின்னச் சின்ன முத்துகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசியால் குத்தினது போல ஒரு குழி. மொலஸ்கம் என்று சொல்கிறார்கள், இதுவும் வைரஸ்தான். கிள்ளினால் உள்ளே இருந்து வெள்ளையாக வருவது மற்ற இடத்திலும் பட்டுப் பரவும், ஒரே துண்டால் துடைத்துக்கொண்டால் கூடப் பிறந்தவர்களுக்கும் வரும். மாமியார் கொல்லையில் இருந்து அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அதன் பாலை வைக்கலாம் என்றார். வேண்டாம் அத்தை என்று கெஞ்சித் தடுத்தேன். அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்தவற்றின் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டார், போய்ப் போட்டும் விட்டு வந்தோம். உப்பு கரைவது போல மருவும் கரையும் என்பது நம்பிக்கை. எட்டு மாதத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டது.

அந்த வேண்டுதலை நான் குறை சொல்ல மாட்டேன். மொலஸ்கம் பெரும்பாலும் ஆறு மாதத்தில் இருந்து ஒன்றரை வருடத்துக்குள் தானாகப் போகும். குழந்தைகளுக்கு வரும் சாதாரண மருவிலும் பாதிக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் உதிர்ந்துவிடும், உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொள்ள எடுக்கும் நேரம் அது. உப்பையும் மிளகையும் போட்டுவிட்டுச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று கையை எடுத்த பாட்டிகள் குழந்தையின் தோலில் எதையும் வைக்கவில்லை. எனக்கும் அன்று யாராவது உப்பு மிளகு வாங்கிப் போட்டிருக்கலாம்.

மகள் கதை வேறு. அவளுக்கு மேல்கை பூராவும் கோழித்தோல் மாதிரி சொரசொரவென்று புள்ளிகள். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது, கை இல்லாத சட்டை போட மாட்டேன் என்று விட்டாள். நானும் கடலை மாவு, பயத்த மாவு, நார் என்று தேய்க்கச் சொல்லி, பாவம், கையைச் சிவக்க வைத்தேன். கெரடோசிஸ் பிலாரிஸ் என்று பெயர். முடி முளைக்கும் துளையில் தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் அடைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன மேடாகிறது, அவ்வளவுதான். பருவ வயதுப் பிள்ளைகளில் ஏகப்பட்ட பேருக்கு இருக்கிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் வரும் வாய்ப்பு அதிகம். என் கணவரின் கையைத் தடவிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. இருபது வருடம் கூட வாழ்ந்தும் நான் கவனித்ததில்லை! குளித்து ஈரம் போகும் முன் யூரியா கலந்த கிரீமைத் தடவினால் மென்மையாகும், நிறுத்தினால் திரும்ப வரும், முப்பது வயதுக்கு மேல் பலருக்குக் குறையும். தேய்க்கவே கூடாது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கண்ணைச் சுற்றி ஜவ்வரிசித் துகள் போல வெள்ளையாகத் தெரிவது மிலியா. பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மூக்கிலும் கன்னத்திலும் இருக்கும், சில வாரத்தில் போய்விடும். பாலைத் தடவுவது, துணியால் அழுத்தித் துடைப்பது எல்லாம் வேண்டாம். உதட்டு ஓரத்தில் வரும் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள்தான், இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். நடுத்தர வயதில் நெஞ்சில் தோன்றும் குங்குமப் பொட்டு போன்ற சிவப்புப் புள்ளிகள் சின்ன ரத்தக்குழாய்கள். இவை எதற்கும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

வேர்க்குரு எல்லோருக்கும் தெரியும், அக்னி நட்சத்திரத்தில் வராத வீடு கிடையாது. வியர்வை வெளியே வரும் குழாய் அடைத்துக்கொள்வதால் வருகிறது, அதனால் அதன் மேல் பவுடரை மாவு போல அப்புவது இன்னும் அடைப்பதுதான். கைக்குழந்தைக்கு அப்படிப் போட்டால் அது மூச்சோடு உள்ளே போகும் ஆபத்தும் இருக்கிறது. பச்சைத் தண்ணீர்க் குளியல், லூசான பருத்தித் துணி, காற்று. நுங்குத் தண்ணீர் தடவினால் எனக்கு இதமாக இருக்கும், நான் இப்போதும் தடவுகிறேன். நெற்றி ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து வருவதாக இருக்கலாம். ராத்திரி எண்ணெய் வைத்துத் தூங்குவதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள்.

தோலுக்கு அடியில் இருப்பவை தனி. விரலால் அழுத்தினால் நழுவி ஓடும் மெத்தென்ற உருண்டை பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. தோலோடு ஒட்டி, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி வைத்திருப்பது நீர்க்கட்டி வகை, உள்ளே ஒரு பை இருக்கிறது. அதைப் பிதுக்கினால் நாற்றத்தோடு சீஸ் போல வரும், பை உள்ளேயே இருக்கும், மறுபடி நிரம்பும். என் சித்தப்பா முதுகில் இருந்ததை யாரையோ விட்டுப் பிதுக்கச் சொல்லி, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, கீறி எடுக்கும்படி ஆயிற்று. பிதுக்காதீர்கள்.

அப்புறம் களிம்பு. மருந்துக்கடையில் போய் "முகத்துல குரு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் டியூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அதனால்தான் விட முடிவதில்லை. பிறகு தோல் மெலிந்து, சிவந்து, புதிதாகப் பரு கிளம்பி, நிறுத்தினால் எரிகிறது என்று திரும்பத் திரும்பப் போட வைக்கும். 2018ல் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு கொண்டுவந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் கேட்டவுடன் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வருடம் போட்டுக்கொண்டு இன்று வெயிலில் முகம் காட்ட முடியாமல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போகிறாள். ஆரம்பத்தில் அவளுக்கு இருந்தது நாலைந்து பரு.

சும்மா விடக் கூடாதவையும் உண்டு, அதையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். திடீரென்று வேகமாக வளர்வது, நிறமோ ஓரமோ மாறுவது, தொட்டாலே ரத்தம் கசிவது, ஒரு மாதமாகியும் ஆறாத புண், கல் போலக் கெட்டியாக அசையாமல் இருப்பது, இவற்றுக்கெல்லாம் உடனே போக வேண்டும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் புதிதாக வரும் கறுப்பைக் கட்டாயம் காட்ட வேண்டும், நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். காது மடல் தடித்துக் குருக்கள் வந்தாலோ, உணர்ச்சி இல்லாத வெளிறிய திட்டு இருந்தாலோ தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அது இன்னும் நம்மிடையே இருக்கிறது, அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். இமையோரம் மஞ்சளாகத் திட்டு வந்தால் கொலஸ்டிராலைப் பாருங்கள், பாதிப் பேருக்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

அம்மாவிடம் டாக்டர், வேண்டுமானால் மரக்கச் செய்யும் களிம்பு போட்டு மின்சூட்டில் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம், ஒரு வாரத்தில் பொருக்கு உதிரும், சில இடத்தில் கறுப்போ வெளுப்போ கொஞ்ச நாள் நிற்கலாம், புதிதாகவும் முளைக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அம்மா என் கழுத்தை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கட்டும் டாக்டர்" என்றார். கண்ணிமையில் கண்ணாடி உரசும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார், ஆறிவிட்டது, இடம் தெரியவில்லை.

இப்போது மாதம் பிறந்ததும் அம்மா கன்னத்தையும் முதுகையும் போனில் படம் எடுத்து வைக்கிறேன், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு, அளவு தெரிவதற்காக. நாணயத்தைப் பிடிப்பது மகளின் வேலை. போன வாரம் எடுத்தபோது அவள் கை இல்லாத சட்டை போட்டிருந்தாள்.